மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே மீனம்பாக்கம்

மழையை நம்பி விதைக்கும் கரிசல் நாட்டில் பிறந்தவன் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் பார்ப்பவை இரண்டு: ஒன்று மண்ணின் நிறம், மற்றொன்று தண்ணீரின் இருப்பு. எங்கள் பசுவந்தனையைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தொலைவு கறுத்துக் கிடக்கும் நிலம் கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்திருக்கும். ஐப்பசியில் நான்கு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்துவிட்டாலோ வண்டிச் சக்கரத்தை அச்சுவரை விழுங்கிக்கொள்ளும். பருத்தியும் கம்பும் உளுந்தும் விளைவது ஓர் ஆண்டு. விதைத்த விதையும் வீடு வந்து சேராதது மறு ஆண்டு. இந்த மண்ணை விட்டுக் கடல் கடந்து போய்ப் பிழைத்தவர்கள் இல்லாத தெரு எங்கள் பக்கத்தில் அரிது.

1978-ஆம் ஆண்டு சிங்கப்பூருக்குப் புறப்பட்ட என் தமையனாரை வழியனுப்புவதற்காக நானும் என் தந்தையாரும் கோவில்பட்டியில் இரவு ரயிலேறி, காலையில் எழும்பூரில் இறங்கி, அங்கிருந்து மின்சார ரயிலில் மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்தோம். அதுவரை வானூர்தியை ஆகாயத்தில் மட்டுமே கண்டிருந்த என் தந்தையார், வேலிக்கு அப்பால் நின்ற அதன் சக்கரங்களையே நெடுநேரம் உற்று நோக்கிக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து காலடி மண்ணை ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, “இது சரளை மண்ணு, தாங்கும். நம்ம ஊரா இருந்தா ஒரு மழைக்கு இவ்வளவு பெரிய சாமானும் வயித்துமட்டும் இறங்கிப் போகும்” என்றார். தமையனார் விமானமேறிய செய்தியை விட, அந்த ஒரு பிடி மண்தான் எனக்கு இன்றும் நினைவில் நிற்கிறது. மீனம்பாக்கத்தின் வரலாற்றைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படிக்கத் தூண்டியதும் அதுவே.

விமானம் என்றதும் ஒன்பதாம் நூற்றாண்டில் கொர்டோபா நகரில் சிறகு கட்டிப் பறக்க முயன்ற அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸில் தொடங்குவது நம் ஏடுகளின் வழக்கம். அம்மேதையின் பெருமையை நான் மறுப்பவனல்லன். ஆயினும் அவர் பறந்ததைக் காட்டிலும் இறங்கியதுதான் எனக்குப் பாடமாகத் தோன்றுகிறது. இறங்கும்போது அடிபட்டார் என்றே அவரைப் பற்றிய குறிப்புக் கூறுகிறது. பறப்பதற்கு வானம் போதும். இறங்குவதற்கு மண் வேண்டும். ஒரு நகரின் விமான நிலையம் என்பது அந்த மண்ணை யார், எவரிடமிருந்து, எவ்வாறு பெற்றார்கள் என்ற கதையே ஆகும்.

மீனம்பாக்கத்தின் அமைப்பை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சென்னைக் கோட்டையிலிருந்து தென்மேற்காகச் செல்லும் பெருஞ்சாலை பரங்கிமலையைக் கடந்து பல்லாவரத்துக்குப் போகிறது. சாலையை ஒட்டினாற்போல் இருப்புப்பாதை. அவற்றுக்கு அப்பால் தென்கிழக்கில் பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் எனத் தொடர்ந்து நிற்கும் கருநீலக் கற்குன்றுகள். இந்தக் கல்லுக்கு நிலவியலார் சார்னொக்கைட் என்று பெயரிட்டனர். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இக்கல் பதிக்கப்பட்டிருந்ததால் வந்த பெயர் அது. வடமேற்கில் அடையாறு. செம்பரம்பாக்கம் முதலிய ஏரிகளின் மிகுநீரை ஏந்திக்கொண்டு, மணப்பாக்கம் வழியாக வளைந்து கடலை நோக்கிப் போகும் ஆறு. இடையே மேடுபள்ளம் குறைந்த, சரளை கலந்த ஒரு நிலத்துண்டு. கல்லும் ஆறும் இருபுறமும் காவல் நிற்க நடுவே அகப்பட்ட அந்தத் துண்டுதான் விமான நிலையம் ஆயிற்று. அது வளர நினைத்தபோதெல்லாம் மலையை நகர்த்த முடியவில்லை. ஆற்றை நோக்கியே நகர்ந்தது.

பல்லாவரமும் பரங்கிமலையும் வெள்ளையர் படை முகாமிட்டிருந்த இடங்கள். அணிவகுப்புக்கென்று வெட்டவெளி அங்கு ஏற்கெனவே இருந்தது. அந்த வெளியில்தான் 1910 மார்ச்சில் சென்னையின் முதல் விமானம் எழுந்தது. அதைப் பறக்கவிட்டவர் படைத்தலைவரோ விஞ்ஞானியோ அல்லர். மவுண்ட் ரோட்டில் உணவு விடுதி நடத்திவந்த ஜியாகொமோ டி ஆஞ்சலிஸ் என்னும் கார்சிகத் தீவுக்காரர். பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தது 1909 ஜூலையில். அடுத்த ஆண்டு கோடை பிறக்குமுன் சென்னையில் ஒரு விடுதிக்காரர், சிம்சன் கம்பெனியின் வண்டிப் பட்டறையிலே தமக்கென ஒரு விமானத்தைச் செய்வித்துப் பல்லாவரத்தில் பறந்து பார்த்துவிட்டார் என்றால், அக்கால வணிகரின் துணிச்சலை என்னென்பது! பிறகு தீவுத்திடலில் கட்டணம் வாங்கிக்கொண்டு நகரத்தாருக்கும் காட்டினார். அலகாபாத்தில் உலகின் முதல் அதிகாரபூர்வ விமான அஞ்சல் பறந்தது இதற்கு மறு ஆண்டு, 1911 பிப்ரவரியில்தான்.

அதன்பின் இருபதாண்டுக் காலம் சொல்லும்படியாக ஒன்றும் நிகழவில்லை. 1930-ஐ ஒட்டிச் சென்னைப் பறப்புக் கழகம் தோன்றிற்று. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. 1932 அக்டோபர் 15-ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து ஒற்றை எஞ்சின் விமானத்தில் அஞ்சற் பைகளை ஏற்றிக்கொண்டு அகமதாபாத் வழியாகப் பம்பாய் வந்து இறங்கினார். அங்கே பைகளைப் பெற்றுக்கொண்ட நெவில் வின்சென்ட், பெல்லாரியில் தங்கிச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். இந்திய விமானப் போக்குவரத்தின் பிறந்தநாளாக இதைக் கொண்டாடுவர். அதில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. அகமதாபாத்தில் டாட்டாவின் விமானத்துக்குரிய எரிநெய் தகரங்களில் அடைக்கப்பட்டு மாட்டுவண்டியில் வந்ததாம். எங்கள் பக்கத்துப் பருத்தி வண்டிகளையும் கோவில்பட்டி ஆலைகளையும் கண்டவர்களுக்கு இது வியப்பாயிராது. புதுமை எப்போதும் பழைய வண்டியில் ஏறித்தான் ஊருக்குள் வருகிறது.

அன்று பறந்தது கடிதம், மனிதன் அல்லன். இதனை வாசகர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். மீனம்பாக்கம் முதன்முதலில் அரசாங்கத்தின் அஞ்சலுக்காகவும், பணம் படைத்தோரின் பொழுதுபோக்குக்காகவும் எழுந்ததேயன்றி, இந்நாட்டிலிருந்து கடல் கடந்து போய்வந்துகொண்டிருந்த இலட்சக்கணக்கானோருக்காக அன்று. இலங்கையின் முதல் விமான நிலையமாகிய இரத்மலானையில் 1935 நவம்பர் 27 அன்று முதல் விமானத்தை இறக்கியவர் சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமை ஆசிரியரான டின்டேல் பிஸ்கோ. 1938-இல் டாட்டாவின் அஞ்சல் விமானம் சென்னை, திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீண்டது. ஆக, கொழும்புக்கு வான்வழி திறந்தாகிவிட்டது. ஆனால் அதே ஆண்டில் கொழும்புக் கோட்டையிலும் கண்டியிலும் கடை வைத்திருந்த காயற்பட்டினத்தாரும் கீழக்கரையாரும், மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலி மக்களும் எப்படிப் போனார்கள்? கப்பலில்தான்.

எனவே கடல்வழியைச் சொல்லாமல் இந்த வான்வழிக் கதை முழுமை பெறாது. கடல் எங்கள் கரிசலுக்குத் தொலைவில் இல்லை. உமறுப் புலவர் அடங்கியிருக்கும் எட்டயபுரமும், வ.உ. சிதம்பரனார் பிறந்த ஓட்டப்பிடாரமும் எங்களுக்கு அண்டை ஊர்கள். உமறுவை ஆதரித்த வள்ளல் சீதக்காதி கீழக்கரையின் கப்பல் வணிகர். சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டு வெள்ளையர் கம்பெனியை எதிர்த்து நின்றவர். மழை பொய்த்த கரிசல் நிலத்துக்காரனுக்கும் அக்கரைப் பிழைப்புக்கும் நடுவே தூத்துக்குடித் துறைமுகமே வாயிலாக இருந்தது. மற்றொரு வழி, 1914-இல் பாம்பன் பாலம் முடிந்தபின் வந்த ‘போட் மெயில்’. தனுஷ்கோடிவரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மீண்டும் ரயிலேறிக் கொழும்பு. கிழக்கே பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்களுக்குச் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ரஜூலா கப்பல் காத்திருக்கும். 1926 முதல் 1973 வரை ஓடிய அந்தக் கப்பலைத் தஞ்சைக் கடற்கரையின் சபுராளிகள் தம் வீட்டு உறுப்பினரைப் போல நினைவுகூர்வதைக் கேட்டிருக்கிறேன். ஹஜ்ஜுக்குப் போகிறவர்களோ ரயிலில் பம்பாய் சென்று, முசாபர்கானாவில் தங்கி, ஜித்தாவுக்கு முகல் லைன் கப்பலேற வேண்டும்.

இந்தக் கடல்வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்ட வரலாறே மீனம்பாக்கத்தின் வளர்ச்சி வரலாறும் ஆகும். ஆனால் விமான நிலையத்தைப் பற்றி எழுதுவோர் இதனைக் குறிப்பதில்லை. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் இராமேசுவரத்துக்கு மாறி இருபதாண்டு தள்ளாடி ஓடிற்று. இலங்கையில் இனப்போர் மூண்டபின் 1984-இல் அதுவும் நின்றது. ரஜூலாவுக்குப் பின் கிழக்கு நாடுகளுக்கு ஓடிய எம்.வி. சிதம்பரம் என்னும் கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றிற்று. உயிர்கள் பல போயின. அத்தோடு அந்த வழி முடிந்தது. பம்பாயிலிருந்து ஹஜ் கப்பல்கள் 1995-இல் நின்றன. நூற்றாண்டுக் கணக்காக நடந்த பாதைகள் முப்பதாண்டுக்குள் மறைந்து, அந்த மக்கள் அனைவரும் வானூர்தி நிலையத்தின் வாயிலில் வந்து நின்றனர். கப்பலில் கீழ்த்தளத்துச் சீட்டுக்குச் சேர்த்த காசு விமானச் சீட்டுக்குப் போதவில்லை. நகையும் நிலமும் அடகுக்குப் போனது அப்போதுதான்.

நிலையத்தின் கதைக்குத் திரும்புவோம். போர்க்காலத்தில் மீனம்பாக்கத்திலும் தாம்பரத்திலும் படை விமானங்கள் மிகுதியாக இறங்கின. அதன் விளைவாகத் தளம் உறுதிப்பட்டது. விடுதலைக்குப் பின் நான்கே மாதங்களில், 1947 டிசம்பர் 10 அன்று, இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு ஏர் சிலோனின் முதல் விமானம் வந்தது. யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் இடையே அன்று தொடங்கிய அந்த வழி, போரினால் முறிந்து கிடந்து, 2019 நவம்பரில் பலாலி விமான நிலையம் வழியாக மறுபடியும் உயிர் பெற்றது. நடுவில் கழிந்த காலத்தில் எத்தனை குடும்பங்கள் பிரிந்து சிதறின என்பதை யாழ்ப்பாணத்து அன்பர்கள் அறிவர்.

1953-இல் விமானக் கம்பெனிகள் நாட்டுடைமையாயின. 1954-இல் மீனம்பாக்கத்தில் பயணியர் கட்டடம் எழுந்தது. நானும் என் தந்தையாரும் கண்டது அதனையே. இன்றைய அளவில் பார்த்தால் ஒரு நடுத்தரமான ரயில் நிலையத்துக்கு ஈடாகுமா என்பது ஐயம். வழியனுப்ப வந்தோர் மாடத்தில் நின்று கையசைக்கலாம். படிக்கட்டில் ஏறுகிறவர் திரும்பிப் பார்த்தால் முகம் தெரியும். என் தமையனார் திரும்பிப் பார்த்தார். என் தந்தையார் அதற்குள் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிட்டிருந்தார்.

எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறி வளைகுடா நாடுகளில் வேலை பெருகியதும் நிலைமை மாறிற்று. அதுவரை அமைச்சர்களும் அதிகாரிகளும் வணிகர்களும் புழங்கிய இடத்தில் கொத்தனார்களும் தச்சர்களும் ஓட்டுநர்களும் அட்டைப் பெட்டிகளோடு வந்து நின்றனர். 1972-இல் பம்பாய், கல்கத்தா, டில்லி, சென்னை ஆகிய நான்கு நிலையங்களும் புதிதாக அமைந்த பன்னாட்டு விமான நிலைய ஆணையத்தின் கீழ் வந்திருந்தன. பெயரளவில் பன்னாட்டு நிலையம். இடமோ பழைய இடமே. தென்மாவட்டத்துக்காரர் பலர் ரயிலில் பம்பாய் போய்ப் பல நாள் காத்துக் கிடந்து அங்கிருந்தே பறந்தனர். நெல்லைச் சீமைக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் பக்கமாக இருந்தது.

1984 ஆகஸ்ட் 2-ஆம் நாள் இரவு மீனம்பாக்கத்தில் நிகழ்ந்ததை எழுதாமல் மேலே செல்ல இயலாது. குண்டு வைத்துக் கொழும்பு விமானத்துக்கென்று அனுப்பப்பட்ட பெட்டிகள் நிலையத்திலேயே தங்கிவிட்டன. எச்சரிக்கைத் தொலைபேசி வந்தும் காலம் வீணாயிற்று. குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் இலங்கைக்குச் செல்லக் காத்திருந்த பயணிகள். எவருடைய சண்டையோ, எவருடைய கணக்கோ, காத்திருந்தவர் தலையில் விழுந்தது. முன்னர் யாரும் தடுக்காத வாயில்களில் சோதனை கடுமையானதும், மாடத்தில் நின்று கையசைத்த காலம் மெல்ல முடிவுக்கு வந்ததும் இத்தகைய நிகழ்ச்சிகளுக்குப் பின்னரே.

அடுத்த ஆண்டு, அதாவது 1985-இல், பழைய கட்டடத்திலிருந்து சற்றுத் தென்மேற்கே, திரிசூலத்துக்கு எதிரே உள்நாட்டு முனையம் திறக்கப்பட்டது. 1989-இல் அதன் அருகிலேயே பன்னாட்டு முனையம். வி.பி. சிங் பிரதமராயிருந்தபோது உள்நாட்டு முனையத்துக்குக் காமராசர் பெயரும் பன்னாட்டு முனையத்துக்கு அண்ணா பெயரும் சூட்டப்பட்டன. திரிசூலத்தில் சோழர் காலச் சிவாலயம் ஒன்று உண்டு. அதன் அமைதிக்கு எதிரே நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான விமானங்கள் எழுவதும் இறங்குவதுமாயின. மக்கள் வாய்க்கோ இன்றும் அது மீனம்பாக்கம்தான்.

அக்காலத்து வழியனுப்பும் கோலத்தை நேரில் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். ஒருவர் பறப்பதற்கு இருபது பேர் வேனில் வருவர். இராமநாதபுரத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் இரவெல்லாம் பயணம் செய்து, விடியலில் பெருஞ்சாலையோரம் விரிப்பு விரித்து, கட்டிவந்த சோற்றைப் பிரிப்பர். கைக்குழந்தையைத் தகப்பனிடம் கடைசியாக ஒரு முறை கொடுத்து வாங்குவாள் மனைவி. வயதான தாய் தலையில் கைவைத்து ஓதி ஊதுவாள். கண்ணாடிக் கதவு மூடிய பிறகும் அரைமணி நேரம் அங்கேயே நிற்பார்கள், எதற்கென்று தெரியாமலே. நிலையத்தின் அளவைப் பயணிகளின் தொகையைக் கொண்டு கணக்கிட்ட பொறியாளர்கள் இந்த இருபது பேரை எந்தக் கணக்கிலும் சேர்த்ததாகத் தெரியவில்லை. 2016 செப்டம்பரில் மெட்ரோ ரயில் வந்த பின்னரே வழியனுப்ப வருவோர்க்கு ஒரு நல்ல பாதை வாய்த்தது. 1931-இன் மின்சார ரயில் பழைய கட்டடத்துக்கு எவ்வளவு அருகே ஓடிற்று என்பதை நினைத்தால், எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து நாம் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறோம்!

கூட்டம் பெருகப் பெருக நிலம் போதாமற் போயிற்று. ஒரு பக்கம் சாலையும் ரயிலும் குன்றும். ஆகவே 2000-ஆம் ஆண்டுக்குப் பின் மணப்பாக்கம், கொளப்பாக்கம், தரப்பாக்கம், கெருகம்பாக்கம் முதலிய ஆற்றங்கரை ஊர்களின் நிலம் கேட்கப்பட்டது. முதலில் கேட்டது ஆயிரம் ஏக்கருக்கு மேல். வீடு கட்டிக் குடியிருந்தோர் எழுப்பிய எதிர்ப்பினால் திட்டம் சுருங்கிற்று. 2006-இல் டில்லி, மும்பை நிலையங்கள் தனியார் கைக்குப் போயின. சென்னையும் கல்கத்தாவும் அரசு ஆணையத்திடமே இருந்தன. இரண்டாம் ஓடுதளத்தை நீட்ட இடமில்லாதபடியால் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டி, அதன்மேல் ஓடுதளத்தைக் கொண்டுசென்றனர். ஆற்றின்மேல் விமானம் ஓடும் இந்த அமைப்பைப் பொறியியல் அருஞ்செயலெனப் பாராட்டினோர் பலர். கண்மாய்க் கரையில் வளர்ந்த எவனும் அதைக் கண்டு மகிழமாட்டான் என்பது என் எண்ணம். மறுகாலை அடைத்துக் கட்டினால் தண்ணீர் என்ன செய்யும் என்பதை எங்கள் ஊர் நீர்ப்பாய்ச்சி எழுத்தறியாமலே சொல்லிவிடுவான்.

2013 ஜனவரி 31 அன்று புதிய உள்நாட்டு முனையத்தை அன்றைய குடியரசுத் துணைத்தலைவர் ஹமீது அன்சாரி திறந்து வைத்தார். அக்கட்டடத்தின் கண்ணாடிப் பலகைகள் அடிக்கடி பெயர்ந்து விழுந்ததும், நாளேடுகள் அதை எண்ணிக்கையிட்டு எழுதியதும் ஊரறிந்தவை. சிரித்துவிட்டுக் கடந்து போகலாம். அடுத்து வந்தது அப்படிப்பட்டதன்று.

2015-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை சென்னையில் கொட்டியதை அறியாதார் இலர். டிசம்பர் முதல் நாள் ஏரிகள் நிரம்பி, செம்பரம்பாக்கத்தின் நீரும் இடைப்பட்ட எண்ணற்ற ஏரிகளின் மிகுநீரும் அடையாற்றில் ஒன்றுசேர்ந்தன. ஆறு தனக்குரிய அகலத்தைத் தேடிற்று. ஓடுதளம் நீரில் மூழ்கிற்று. சிறு விமானங்கள் மிதந்து புரண்டன. பயணிகள் ஆயிரக்கணக்கில் சிக்கிக்கொண்டனர். நிலையம் பல நாள் மூடப்பட்டு, அரக்கோணத்திலுள்ள கடற்படைத் தளத்திலிருந்து விமானங்கள் இயக்கப்பட்டன. ஆற்றை ஒட்டிய கவுல் பஜார் முதலிய இடங்களில் குடியிருந்த எளியோர் வீடிழந்தனர். வெள்ளத்துக்கு விமான நிலையம் ஒன்றே காரணமென்று நான் சொல்லவில்லை. மழையும் பெரிது, ஏரிகளைத் தூர்த்துக் கட்டப்பட்ட வீடுகளும் கம்பெனிகளும் பலப்பல. ஆனாலும் மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே அகப்பட்ட நிலத்தில் ஆற்றின் பங்கு எவ்வளவு என்பதை ஆறே அளந்து காட்டிய நாள் அது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலின்போதும் ஓடுதளத்தில் நீர் நின்று நிலையம் ஒரு நாள் மூடிக் கிடந்தது.

இந்த வாயில் மூடினால் யார் தவிக்கிறார்கள் என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. பெருந்தொற்றுக்குப் பின் 2022-இல் ஹஜ் பயணம் மீண்டும் தொடங்கியபோது, புறப்படும் இடங்களின் பட்டியலில் சென்னை இல்லை. தமிழகத்து ஹாஜிகள் கொச்சி சென்று விமானமேற நேர்ந்தது. எழுபது வயது கடந்தோர், வாழ்நாளெல்லாம் சிறுகச் சிறுகச் சேர்த்தவர்கள், மூட்டைமுடிச்சோடு மலை தாண்டிப் போனார்கள். 2023-இல் சென்னை மறுபடியும் பட்டியலில் இடம்பெற்றது. அதே ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் பிரதமர் மோடி புதிய பன்னாட்டு முனையத்தின் முதற்கட்டத்தைத் திறந்து வைத்தார்.

ஆயினும் மீனம்பாக்கம் தன் எல்லையை எட்டிவிட்டது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆகவேதான் 2022 ஆகஸ்டில் காஞ்சிபுரத்தை அடுத்த பரந்தூரில் இரண்டாவது நிலையம் அமையுமென்று அறிவிக்கப்பட்டது. ஐயாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பு. அதற்குள் நெல் விளையும் வயல்கள், ஏரிகள், குட்டைகள், ஓடைகள், குடியிருக்கும் ஊர்கள். அவற்றுள் ஏகனாபுரம் என்னும் ஊர் தன் ஏரியையும் வயலையும் விட்டுத்தர மறுத்து, அறிவிப்பு வந்த நாள்தொட்டு மாலைதோறும் கூடி எதிர்ப்புத் தெரிவித்தது. நாள்கள் ஆயிரத்தைத் தாண்டின. கிராம சபைத் தீர்மானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறின. 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு கொள்கையளவில் ஒப்புதல் வழங்கிற்று.

இங்கேதான் என் போன்றோரின் நிலை இக்கட்டாகிறது. விமான நிலையம் வேண்டாமென்று சொல்ல எனக்கு வாயில்லை. என் தமையனார் அனுப்பிய பணத்தில்தான் எங்கள் வீட்டுக் கூரை ஓடாயிற்று. தங்கையின் திருமணம் நடந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் அடுப்பெரிந்தது. கடல்வழி அடைபட்டபின் எங்களுக்கு அந்த ஒரு கதவே இருந்தது. ஆனால் ஏகனாபுரத்து உழவர் ஏரியைப் பற்றிச் சொல்லும்போது, அதை விட்டுத்தரச் சொல்லவும் எனக்கு நா எழவில்லை. தண்ணீர் நிற்கும் ஏரி ஒன்று எங்கள் ஊருக்கு வாய்த்திருந்தால் என் தமையனார் மீனம்பாக்கத்துப் படிக்கட்டில் ஏறியே இருக்கமாட்டார். ஓர் ஊரின் ஏரியை மூடி, ஏரியில்லாத ஊர்க்காரன் பறப்பதற்கு வழி செய்வதை வளர்ச்சி என்று சொல்லுகிறவர்கள், 1932 முதல் மீனம்பாக்கத்தில் நடந்ததை ஒரு தடவையாவது வரிசையாக எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு முறையும் அப்போதைய தேவைக்கு மட்டும் இடம் தேடினார்கள். அடுத்த தேவை வந்தபோது ஆறுதான் அகப்பட்டது. பரந்தூரிலோ தொடக்கத்திலேயே ஏரிகள் அகப்படுகின்றன.

தென்னாட்டின் பாரமெல்லாம் சென்னை ஒன்றின்மேல் விழ வேண்டியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். திருச்சிக்கு 2012-இல் பன்னாட்டுத் தகுதி கிட்டிற்று. 2024-இல் அங்கே பெரிய புதிய முனையம் இயங்கத் தொடங்கிற்று. தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பகுதிச் சபுராளிகளுக்கு அதுவே இப்போது வாயில். மதுரையிலிருந்து கொழும்புக்கு 2012-இல் விமானம் பறந்தது. கடல்வழியையும் முற்றிலும் மறக்க வேண்டாம்: 2011-இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டு, சில மாதங்களிலேயே நின்றுபோனாலும், 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது.

எங்கள் சீமையில் கோவில்பட்டிப் பக்கம் ஒரு சிறு ஓடுதளம் உண்டு. பயணியர் விமானம் வந்துபோகும் பேறு அதற்கு வாய்க்கவில்லை. தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் இடையே வாகைக்குளத்தில் 1992-இல் விமான நிலையம் வந்தது. பல ஆண்டுகள் வருவாரற்றுக் கிடந்து, 2006-இல் மீண்டும் உயிர்த்தது. 1,350 மீட்டர் நீளமிருந்த ஓடுதளம் 3,115 மீட்டராக நீண்டது. 2025 ஜூலை 26 அன்று புதிய முனையம் திறக்கப்பட்டது. பெரிய விமானங்கள் இறங்கலாம். திறப்புவிழா நாளில் அங்கிருந்து கடல் கடந்து பறக்கும் விமானம் ஒன்றும் இல்லை.

சென்ற ஐப்பசியில் வாகைக்குளம் வழியாகப் பேருந்தில் போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. என் பக்கத்திலிருந்த முதியவர், வேலிக்கு உள்ளே நீண்டு கிடந்த தளத்தைக் காட்டி, இந்த ஊருக்குப் பேர் கொடுத்த குளம் இப்போது எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நடத்துநரைக் கேட்டோம், அவர் இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயரைச் சொன்னார்.